ஊசி நடுவுலதான் நின்னுச்சு

வீட்டு டீசல் வண்டிக்கு டியூனிங் பாக்ஸ் போடலாம்னு யோசிக்கிறீங்களா? முதல்ல என் கதையைக் கேளுங்க.

எங்க ஊர் பழனி பக்கத்து ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். அப்பா டர்போ டீசல் பிக்கப்பில் கொய்யாப் பெட்டி ஏற்றிக் கொடைக்கானல் போவார். "மலையில வண்டி இழுக்கல" என்பார். "நான் மெக்கானிக்கல்தானேப்பா படிக்கிறேன்" என்று செமஸ்டர் லீவில் பாக்ஸை மாட்டிவிட்டேன். சமதரையில் வண்டி பறந்தது. அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நாலாவது லோடு நான் ஓட்டினேன். கொடைக்கானல் ஏற்றத்தில் பின்னால் ஒரே கரும்புகை. ஆனா தண்ணி டெம்பரேச்சர் ஊசி நடுவிலேயே நின்றது. அதை நம்பி மிதித்தேன். பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ஓரம் மெழுகு மாதிரி உருகியிருந்தது. டர்பைன் பிளேடும் காலி. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அப்பா திட்டவே இல்லை. அதுதான் இன்னும் வலிக்குது.

பாக்ஸ் டீசலைக் கூட்டியது. அதற்கேற்ற காற்று கூடவில்லை. டீசல் இன்ஜினில் அப்படி ஆனால் எக்ஸாஸ்ட் சூடு சில நொடியிலேயே எகிறும். தண்ணி ஊசிக்கு அது தெரியாது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். முழு லோடில் டர்போவுக்குள் போகும் வாயு 700 டிகிரியையும் தொடும். உள்ளே வரும் காற்றும் ஆயிலும் சூட்டை உடனுக்குடன் எடுத்துப் போவதால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. அந்தக் கணக்கைத்தான் நான் கெடுத்தேன். டர்போ பெட்ரோல் காரில் கதை வேறு: முழு லோடில் பெட்ரோல் குறைந்தாலோ ஸ்பார்க் தாமதமானாலோ சூடு ஏறும்.

இதைக் காட்ட ஒரு கே-டைப் தெர்மோகப்பிளும் மீட்டரும் போதும். லேபில் நாம தொட்ட அதே குரோமல்-அலுமெல் கம்பிதான்; டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு மறந்துட்டேன். அதை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் மாட்டுங்க. பின்னால் மாட்டினால், டர்பைன் சக்தியை உறிஞ்சிய பிறகு மிஞ்சும் சூட்டைத்தான் காட்டும். சமதரையில் பார்த்துத் திருப்திப்படாதீங்க. லோடோடு ஏற்றத்தில் பாருங்க. எண் ஏறிக்கிட்டே போனா காலை எடுங்க, கியரைக் குறைங்க.

இப்ப பாக்ஸ் இல்லை, மீட்டர் இருக்கு. போன வாரம் மலையில் அப்பா பக்கத்து சீட்டில் இருந்து சொன்னார்: "டேய், 600 தாண்டுது. காலை எடு."

எடுத்துட்டேன்.