நாற்பது எழுத்து அகலம்

ரி.வி. திரையில் எழுத்தாகச் செய்தி காட்டுகிற ரெலிரெக்ஸ்ட், பிரித்தானியாவில் முறையாகச் செத்தது. 1974 இல் பி.பி.சி. தொடங்கிய சீஃபாக்ஸ் சேவையை 2012 ஒக்ரோபர் 23 அன்று நிறுத்தினார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது, கொஞ்சப் பேர் கவலைப்பட்டார்கள், அத்தோடு சரி. ஜேர்மனியில் அதற்குப் பெயர் வீடியோரெக்ஸ்ட்; அதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரிமோட்டில் அதற்கான பொத்தான் இப்பவும் இருக்கிறது. அமத்தினால் கறுப்புத் திரையில் கட்டம் கட்டமான எழுத்து வரத்தான் செய்கிறது. அமத்துகிற ஆட்கள்தான் குறைந்துகொண்டு போகிறார்கள்.

ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். என்ற இரண்டு ஜேர்மன் தொலைக்காட்சி நிறுவனங்களும் சேர்ந்து 1980 யூன் 1 அன்று மேற்கு பெர்லினிலிருந்து இதைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கின. பத்திரிகை முதலாளிகளுக்கு அதற்கு முதலே வயிற்றெரிச்சல். வாசிக்கிற விசயம் எங்களுடையது, படம் காட்டுகிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று வாதாடினார்கள். பரீட்சார்த்தம் கிட்டத்தட்டப் பத்து வருடம் இழுபட்டு, 1990 சனவரியில்தான் நிரந்தர சேவையானது. இலங்கையிலிருந்து எங்கட ஆட்கள் கிழக்கு ஜேர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் புகுந்து அகதி மனுக் கொடுத்ததும் இதே எண்பதுகளில்தான். வந்தவர்கள் முதலில் வாங்கிய பெரிய சாமான் அநேகமாக ஒரு பழைய ரி.வி. பெட்டி.

ரி.வி.யில் செய்தி வாசிப்பவரின் டொச் மொழி காதுக்குள் பிடிபடாமல் ஓடிவிடும். வீடியோரெக்ஸ்ட் அப்படி ஓடாது. ஒரு பக்கம் என்றால் சுமார் இருபத்துநாலு வரி, வரிக்கு நாற்பது எழுத்து. அவ்வளவுதான் இடம். ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் பெயருக்கே டொச்சில் 24 எழுத்து வேணும். அதைப் போட்டால் வரியில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் அங்கே எழுதியவர்கள் சுற்றி வளைக்கவில்லை. யார், என்ன செய்தார், எங்கே. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு டொச் படித்த எத்தனையோ பேருக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

படத்தோடு சேர்ந்து வருகிற, ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில கோடுகளுக்குள் இந்தப் பக்கங்களை ஒளித்து அனுப்பினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக, முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து. நாங்கள் இலக்கத்தை அமத்தினால் ரி.வி. அந்தப் பக்கத்துக்காகக் காத்து நிற்கும். வெளிவீதியில் சுவாமி வலம் வருகிற மாதிரித்தான். எங்கட படலைக்கு வரும்போது கும்பிட வேண்டியதுதான், கூப்பிட்டால் வராது.

டோட்முண்டில் இருந்த என் மாமாவுக்கு வீடியோரெக்ஸ்ட் என்றால் முதலில் விமானம். ஊரிலிருந்து யாரும் வருகிற நாளில் டபிள்யூ.டி.ஆர். சனலில் டுசல்டோர்ஃப் வருகைப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார். 1/5, 2/5 என்று உப பக்கங்கள் தானாக மாறும். எங்கட விமானம் 3/5 இல் நிற்கும். நேரத்தைப் பார்ப்பதற்குள் 4/5 வந்துவிடும். இனி முழுச் சுற்றும் சுற்றி வரவேணும். மாமி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். தரையிறங்கியது என்று எழுத்து மாறினால்தான் கார்த் திறப்பை எடுப்பார்கள்.

அடுத்தது சனிக்கிழமை பின்னேரம் மூன்றரை மணி. உதைபந்தாட்ட லீக்கை நேரடியாகப் பார்க்கக் காசு கட்டவேணும். காசில்லாத வீடுகளில் பெடியள் வெறும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 0:0, 0:0, 0:0. திடீரென்று 1:0. யார் அடித்தது, எப்படி அடித்தது ஒன்றும் தெரியாது. ஆனாலும் வீடு அதிரும்.

1995 இல் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்த நாட்களில் நிலைமை வேறு. இரவில் சிற்றலையில் பி.பி.சி. தமிழோசை கேட்கும்வரை பகல் முழுக்க வெளிநாட்டுச் செய்திப் பக்கங்கள்தான். சிறிலங்கா என்று ஒரு வரி கண்டால் அந்த இலக்கத்தை அமத்துவோம். பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். வாசித்தால் முடிந்துவிடும். கீழே இழுக்க ஒன்றும் இல்லை, அடுத்து இதைப் பார் என்று சொல்லவும் யாரும் இல்லை. அன்று அது போதாமல் அந்தரப்பட்டிருக்கிறோம். இன்று கைபேசியில் ஒரு செய்தியைத் தேடப் போய் ஒரு மணித்தியாலத்தைத் தொலைத்துவிட்டு நிமிரும்போது, செய்திக்கு ஒரு முடிவு இருந்ததே பெரிய மரியாதை என்று தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு. அது ஒருவழிப் பாதை. நான் எந்தப் பக்கத்தை எத்தனை தரம் பார்த்தேன் என்று அனுப்பியவனுக்குத் தெரியவே தெரியாது. அகதி மனு நிலுவையில் இருந்த ஒருவனுக்கு அந்த நிம்மதி சின்னதில்லை.

இதைப் புனிதமாக்கவும் வேண்டாம். சாமம் தாண்டினால் சில தனியார் சனல்களின் பக்கங்கள் தொலைபேசிச் சரச விளம்பரங்களால் நிரம்பி வழிந்ததை எல்லோரும் அறிவோம்; பிள்ளைகளும் அறிந்தார்கள். இன்னொரு பக்கம், 2012 இல் பின்லாந்துக் கலைஞர்கள் சிலர் தொடங்கிய ரெலிரெக்ஸ்ட் ஓவிய விழாவுக்கு ஏ.ஆர்.டி. தன் பக்கங்களையே திறந்துவிட்டது. எட்டு நிறமும் சதுரக் கட்டங்களும் வைத்து வரைந்தார்கள். பழசாகிப் போனதைத்தான் கலையாக்குவார்கள் என்பது என் சந்தேகம்.

ஜேர்மன் வீடியோரெக்ஸ்ட்டின் தொழில்நுட்பத்தில் பங்கெடுத்த மியூனிக் ஒலிபரப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 2020 முடிவோடு மூடப்பட்டது. 2024 யூலையிலிருந்து வீட்டு வாடகையோடு சேர்த்துக் கேபிள் காசு அறவிட முடியாது என்று சட்டம் மாறியது. கேபிளை விட்டு இணையத்துக்கு மாறியவர்களில் பலருக்கு அந்தக் கறுப்புப் பக்கம் வருவதில்லை. அதற்கென்று செயலி இருக்கிறது, இணையத்தளத்திலும் வாசிக்கலாம். ஆனால் அதைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது தேவையும் இல்லை.

தேவைப்படுகிறவர்கள் முதியவர்கள். ஏ.ஆர்.டி.யில் 150 ஐ அமத்தினால் பேசுவது எழுத்தாக வரும், இசட்.டி.எஃப்.பில் 777. மாமாவுக்கு இப்போது காது மந்தம். மகன் கேபிளை நிறுத்திவிட்டு ரி.வி.க்குப் பின்னால் ஒரு இணையக் குச்சியைச் செருகிக் கொடுத்தான். அதிலும் எழுத்து வரும்தான், நாலு பட்டியலைத் தாண்டிப் போனால். மாமா இரண்டு கிழமை பொறுத்தார். பிறகு பல்கனியில் தமிழ்ச் சனலுக்காக முந்திப் பூட்டியிருந்த அன்டெனாவின் வயரைத் திரும்பக் கொழுவித் தரச்சொல்லி எனக்கு அழைப்பு எடுத்தார்.