தலைமாட்டுப் பலகை

தலைமாட்டின் திசையைப் பற்றி நம் முன்னோர் நிறையச் சொல்லியிருக்கின்றனர். வடக்கே தலைவைத்துப் படுத்தலாகாது என்பதை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. ஆனால் அத்தலைமாட்டில் எத்தகைய பலகையை நிறுத்துவது என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. பாயில் உறங்கியவர்க்கு அக்கேள்வி எழவும் நியாயமில்லை.

தில்லிக் குளிர் எங்களுக்கு அதனை எழுப்பிற்று. உடன் வாழும் தாயாருக்கு ஆஸ்துமா உண்டு. மூச்சு முட்டும் இரவுகளில் படுக்கவியலாது எழுந்து சாய்ந்துகொள்வார். சனவரிச் சுவரோ முதுகைச் சில்லிடச் செய்யும். சுண்ணப் பொடியையும் உதிர்க்கும். ஆகவே கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை ஒன்றை நாங்களே செய்ய முனைந்தோம். சட்டத்திற்குப் பழைய தேக்கு நிலை ஒன்று கிடைத்துவிட்டது. சட்டத்தினுள் அடைக்கும் பலகை எதுவென்பதிலேதான் ஒரு மாதம் கழிந்தது.

முழுத் தேக்கே முதலில் மனத்தில் நின்றது. மரம் காற்றின் ஈரத்தை உண்டு உமிழ்வது. மே மாத அனற்காற்றில் அகலவாக்கில் சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். அதனாலேயே பழந்தச்சர் அடைப்புப் பலகையைக் காடியில் பசையின்றிச் செருகினர். பழைய கதவைத் தட்டினால் பலகை சற்றே ஆடுமே, அது அவர்கள் வேண்டுமென்றே விட்ட இடம். எனினும் ஐந்தடி அகலத்திற்கு வைரம் பாய்ந்த தேக்கு வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை.

எங்களுள் ஒருவருக்குப் பிரம்புப் பின்னலில் ஆசை. அழகுதான், ஆனால் கண்ணுக்குக் கண் தூசி அடையும். பஞ்சு வைத்துத் துணி போர்த்துவதும் அவ்வாறே. தூசிப்பூச்சிகளுக்கு அது மாளிகை. ஈரத்துணியால் துடைக்கத்தக்க பரப்பே ஆஸ்துமாக்காரர்க்கு உகந்தது.

கீர்த்தி நகர் மரக்கடைகளில் மலிவாகக் கிடைத்தவை மரத்தூளையும் மரநாரையும் பசையிட்டு அழுத்திய பலகைகள். இழைத்தாற்போன்ற வழவழப்பு! புதிதாக அறுத்த ஓரத்தை முகர்ந்தோம், கண் கரித்தது. அவற்றைப் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை கொண்டு ஒட்டுகின்றனர். அதிலிருந்து அவ்வாவி நெடுநாள் மெல்லக் கசியும். 2004-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என வகைப்படுத்தியது. சமையலறை அடுக்குக்கு ஒருவேளை பொறுக்கலாம். இரவெல்லாம் மூக்கிற்கு ஒரு சாண் தொலைவில் இருப்பதற்கு எங்கள் மனம் ஒப்பவில்லை.

எஞ்சியது ஒட்டுப்பலகை. "எல்லாம் ஒன்றுதான் ஜி" என்றார் ஒரு கடைக்காரர். ஒன்றல்ல. ஐ.எஸ். 303 முத்திரையின் கீழேயே ஈரம் தாங்குவது ஒன்று, கொதிநீர் தாங்குவது மற்றொன்று. முன்னதில் பெரும்பாலும் யூரியாப் பசை. பின்னதில் ஃபீனால் பசை. ஃபீனால் பசையிலிருந்து ஆவி மிகக் குறைவாகவே வெளிப்படும். அறுத்த ஓரத்தில் அடுக்குகளுக்கிடையே கரும்பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அது பெரும்பாலும் ஃபீனால். கப்பலுக்குரிய ஐ.எஸ். 710 ரகத்தையும் காட்டினர். தாயாரின் கட்டில் கடலில் இறங்கப்போவதில்லையாதலால் கொதிநீர் ரகமே போதுமென 12 மி.மீ. கனத்தில் வாங்கினோம்.

பலகை யமுனா நகரிலிருந்து வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வடகிழக்குக் காட்டு மரங்கள் வெளியேறுவதைத் தடுத்தபின் அவ்வூர் ஆலைகள் வயல் மரங்களையே பெரிதும் நம்பின. உழவர் வரப்பில் நட்ட பாப்ளார் ஆறேழு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும், தைலமரமும் உண்டு. "இது என்ன மரம்?" என்று தாயார் தட்டிப் பார்த்துக் கேட்டபோது ஒரு பெயரில் விடை சொல்ல இயலவில்லை.

ஓரங்களின் வழியேதான் ஆவி மிகுதியாகக் கசியும். எனவே ஓரங்களுக்கும் பின்புறத்திற்கும் மூன்று முறை வண்ணம் பூசி, ஏப்ரல் வெயிலில் மாடியில் ஒரு மாதம் உலரவிட்டோம். பின்னர்ச் சுவரினின்று ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தினோம், ஈரம் ஏறாதிருக்க. பிரம்புப் பின்னல் கூடத்து நாற்காலிக்குப் போயிற்று.