வெற்றிடம் தந்த வடிவம்

இனிப்புக் கடையில் வாங்கும் பெட்டியைத் திறந்தால், ஒவ்வோர் உருண்டைக்கும் ஒரு குழி வைத்த மெல்லிய பிளாஸ்டிக் தட்டு உள்ளே இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். குளிர்பதனப் பெட்டியின் உட்சுவரும் அதே முறையில் பிறந்ததுதான். பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி இளகச் செய்வர்; அச்சின்மேல் அதைப் போர்த்துவர்; அடியில் இருக்கும் காற்றை வெளியே வாங்கிவிடுவர். கண்ணிமைக்கும் நேரத்தில் தகடு அச்சைத் தழுவி அதன் வடிவை ஏற்றுக்கொள்ளும். ஆறிய பின் எடுத்தால் ஓர் ஓடு கிடைக்கும். வெற்றிட வார்ப்பு என்று இதனை அழைக்கலாம்.

இம்முறையைக் கொண்டு சரக்கு விமானம் ஒன்றின் மாதிரி உருவைச் செய்து முடித்திருக்கிறோம். திருவண்ணாமலையில் பங்குப்பணி செய்யும் குருவுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. விமானத்தின்மேல் நமக்குத் தனிப்பட்ட மோகம் ஏதும் இல்லை. வான்படையில் சுமையேற்றும் பிரிவில் இருபது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். அவருக்காகவே இவ்வேலையில் இறங்கினோம்.

2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, அவருடைய துணைவியார் மறைந்தார். ஆக்சிஜன் வசதியுள்ள படுக்கைக்காக மருத்துவமனை ஒன்றின் வாசலில், வந்த வண்டியிலேயே காத்திருந்த நிலையில் அந்த அம்மையாரின் மூச்சு நின்றது. நல்லடக்கத்தில் நம்மோடு இருந்தவர்கள் ஐந்து பேர். அதன்பின் பெரியவர் திருப்பலிக்கு வருவார், கடைசி வரிசையில் அமர்வார், எவரோடும் பேசாமல் போவார். வீடு தேடிப் போனால் வாசல் திண்ணையிலேயே அமர வைப்பார். "உள்ளே போனால் அந்த வெறுமை என்னை இழுக்கிறது, ஃபாதர்" என்று ஒருமுறை சொன்னார். மூன்று ஆண்டுகளில் அவர் நம்மிடம் மனம்விட்டுச் சொன்னது அந்த ஒரு வாக்கியந்தான்.

அவர் வீட்டுச் சுவரில் கஜராஜ் விமானத்தின் பழைய படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இதை உருவாகச் செய்து பார்க்கலாமா என்று ஒருநாள் கேட்டோம். நெடுநேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, "அளவெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றார்.

கஜராஜ் என்பது இல்யூஷின்-76 விமானத்திற்கு நம் வான்படை இட்ட பெயர். சோவியத் நாட்டில் 1971 மார்ச் 25 அன்று முதன்முதலாகப் பறந்த இவ்வகை விமானம், 1985இல் இந்திய வான்படையில் சேர்ந்தது. நீளம் 46.59 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 50.5 மீட்டர்; எஞ்சின்கள் 4; சக்கரங்கள் 20. வான்குடை வீரர்கள் 225 பேரையோ 40 டன் சரக்கையோ சுமக்கும் என்பது வான்படை தரும் கணக்கு. 1988 நவம்பர் 3 இரவு ஆக்ராவிலிருந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு, 2000 கிலோமீட்டருக்கும் மேலாக இடைநில்லாது பறந்து மாலத்தீவின் ஹுலுலே தீவில் இறங்கியவை இவ்வகை விமானங்களே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அந்தமான் தீவுகளுக்கு நிவாரணப் பொருள்களையும் இவை சுமந்தன.

மேலைநாடுகளில் பெரிய விமானங்களின் மாதிரிகள் பலவும் வெற்றிட வார்ப்பில்தான் சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்டு வந்தன. எஃகு அச்சு செய்யும் செலவு மிகப் பெரிது. இம்முறைக்கோ மர அச்சு போதும். 144இல் ஒரு பங்கு அளவை நாம் தேர்ந்துகொண்டோம். அந்த அளவில் விமானத்தின் நீளம் 32 சென்டிமீட்டர். இறக்கையின் அகல்வு 35 சென்டிமீட்டர்.

கோயில் வாகனங்கள் செய்யும் மரச்சிற்பி ஒருவரிடம் அச்சுக்காகச் சென்றோம். விமானத்தின் உடலை நெடுக்குவாட்டில் இரு பாதியாகப் பிளந்தாற்போல இரண்டு அச்சுகள்; இறக்கைகளுக்கும் வாலுக்கும் எஞ்சின் கூடுகளுக்கும் தனித்தனி அச்சுகள். தகட்டின் கனம் மேலே ஏறும் என்பதால், அச்சு அந்தக் கனத்தின் அளவுக்குச் சற்றே சிறுத்திருக்க வேண்டும். உட்பக்கமாக மடங்கும் வளைவு எங்கும் இருத்தலாகாது. இருந்தால் தகடு அச்சை விட்டுக் கழன்று வராது. கஜராஜ் என்றால் யானைகளின் அரசன் என்று பெரியவர் விளக்கியதும் சிற்பி சிரித்தார். "யானை வாகனம் பல செய்திருக்கிறேன் சாமி. பறக்கிற யானை இதுதான் முதல்" என்றார். குமிழ மரத்தில் பத்து நாளில் செதுக்கித் தந்தார். கூலி வேண்டாம் என்றவர், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்த பிறகே வாங்கிக்கொண்டார்.

மேற்பலகை முழுவதும் சிறு துளைகள் இட்ட மரப்பெட்டி ஒன்று செய்து, அதன் பக்கவாட்டில் வாக்குவம் கிளீனரின் குழாயைப் பொருத்தினோம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பாலிஸ்டைரின் தகட்டைச் சட்டத்தில் இறுக்கி, மின்னடுப்பின்மேல் பிடிக்க வேண்டும். வெப்பம் 100 டிகிரியைத் தாண்டியதும் தகடு இளகத் தொடங்கும். பின்னர் நனைந்த துணிபோல நடுவில் தொய்யும். சூடு போதாவிடில் மூலைகளில் மடிப்பு விழும். மிகுந்தால் ஓட்டை விழும். தொய்ந்த கணத்தில் சட்டத்தை அச்சின்மேல் அழுத்தி விசையைத் தட்டினால், சீறும் ஓசையோடு விமானத்தின் முதுகு நம் கண்ணெதிரே எழும்.

வேடிக்கை பார்க்க வந்த சிற்பி வியந்து நின்றார். ஐம்பூதத் தலங்களுள் திருவண்ணாமலை நெருப்புக்குரியது, திருக்காளத்தி காற்றுக்குரியது, தில்லை வெளிக்குரியது. "மூன்று தலமும் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதே சாமி!" என்றார். இதனினும் செறிவாக அச்செய்முறையை நம்மால் விளக்கியிருக்க இயலாது.

இயற்கை வெறுமையை வெறுக்கிறது என்னும் பழைய கொள்கையைக் குருமடத்து மெய்யியல் வகுப்பில் பயின்றிருக்கிறோம். அரிஸ்டாட்டிலின் வழிவந்தோர் பன்னூறு ஆண்டுகள் அதைப் போற்றினர். பதினேழாம் நூற்றாண்டில் தொரிச்செல்லியும் பாஸ்கலும் அதை அசைத்தனர். பாதரசக் குழாயை மலைமேல் கொண்டு சென்று பார்க்குமாறு பாஸ்கல் தம் மைத்துனரை வேண்ட, அவரும் 1648இல் அவ்வாறே செய்தார். ஏற ஏறப் பாதரசம் தாழ்ந்தது. குழாயில் பாதரசத்தைத் தாங்கி நிற்பது வெறுமையின் இழுப்பு என்று எண்ணியிருந்ததெல்லாம், உண்மையில் சுற்றிலும் உள்ள காற்றின் அழுத்தமே என்பது தெளிவாயிற்று. நம் பெட்டியில் நடப்பதும் அஃதே. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள காற்று எப்போதும் அமர்ந்திருக்கிறது. வாக்குவம் கிளீனர் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கீழிருந்து விலக்கினாலே, 40 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டின்மேல் 160 கிலோ ஏறி அமர்ந்ததற்குச் சமம். வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. இடம் விடுகிறது, அவ்வளவே.

பெரியவர் திண்ணையில் சொன்ன வாக்கியம் அப்போது நம் நினைவுக்கு வந்தது. ஆனால் இதை அவரிடம் சொல்லவில்லை. துயரத்தில் இருப்பவரிடம் இயற்பியல் பேசுவது முறையன்று. அவரை அழுத்துவது எது என்பதை அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

ஓடுகள் ஆயத்தமானபின் பொறுமைக்குரிய வேலை தொடங்கிற்று. ஒவ்வோர் ஓட்டின் விளிம்பையும் ஒட்டிப் பென்சிலால் கோடு வரைந்து, கத்தியால் இலேசாகக் கீறி, மடக்கினால் மிகுதித் தகடு ஒடிந்து வரும். பின்னர்க் கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை ஒட்டி, விளிம்பை அதில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பென்சில் கோடு மறையும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் தேய்த்தால் உடல் மெலிந்துவிடும். இழந்ததை மீட்க வழியில்லை. பெரியவரின் கைகளில் சிறு நடுக்கம் உண்டு. ஆயினும் தேய்க்கும்போது அது அடங்கிவிடும். மாலைதோறும் ஒரு மணி நேரம் இருவரும் பேசாமல் தேய்த்தோம். இரு வாரம் சென்றது.

வார்ப்பில் கிடைக்கும் ஓடு முட்டையோடு போன்றது. விரலால் அழுத்தினால் உள்வாங்கும். அதற்கு உறுதி தருவது உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டங்கள். இறக்கைகள் தொய்ந்துவிடாதிருக்க, ஓர் இறக்கையிலிருந்து உடலின் ஊடே மற்றோர் இறக்கை வரை செல்லும் உத்தரம் ஒன்று வேண்டும். வால் கனத்தால் விமானம் பின்னுக்குச் சாயாதிருக்க மூக்கினுள் ஈயக்குண்டு வைக்க வேண்டும். இரு பாதிகளும் ஒட்டப்பட்டபின் இவை ஒன்றும் வெளியே தெரியா. ஒட்டும் திரவமும் பசை போன்றதன்று. இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து, ஒன்றோடொன்று கலந்து உறையச் செய்வது.

உடலை மூடுவதற்கு முன் சரக்கறையைச் செய்ய வேண்டும் என்று பெரியவர் வற்புறுத்தினார். மெய்யான விமானத்தில் அது 20 மீட்டர் நீளமும், அகலத்திலும் உயரத்திலும் மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவும் உடையது. நம் உருவில் 14 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு கூடம். அன்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீளம் 144இல் ஒரு பங்காகக் குறைந்தால், எடை ஏறத்தாழ 30 இலட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். 40 டன் சரக்கு 13 கிராம் ஆகிவிடும். அரிசியை நிறுத்து அவர் கையில் வைத்தோம். உள்ளங்கைக் குழியில் அடங்கிவிட்டது. அதைப் பார்த்தபடியே அவர் பேசத் தொடங்கினார்.

"நாற்பது டன் ஏற்றி இறக்கிய ஆள் நான், ஃபாதர். ஒரு சிலிண்டரைத் தூக்கிவந்து அவளிடம் சேர்க்க என்னால் முடியவில்லை."

நாம் பதில் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளாக அவர்மேல் அமர்ந்திருந்த சுமை இன்னதென்று அப்போதுதான் அறிந்தோம்.

சிறிது நேரத்திற்குப் பின் அவரே தொடர்ந்தார். அந்த ஏப்ரல் மாதத்தில் கஜராஜும் சி-17 விமானங்களும் வெற்று ஆக்சிஜன் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு, மேற்கு வங்கத்தின் பானாகட் முதலிய இடங்களுக்குப் பறந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஊரே மூச்சுக்குத் தவிக்கையில் காலித் தொட்டியைச் சுமக்கவா விமானம் என்று உடன் பார்த்தவர்கள் ஏசினார்கள். அவருக்கோ காரணம் தெரியும். திரவ ஆக்சிஜன் கழியம் 183 டிகிரிக் குளிரில் இருப்பது. எவ்வளவு காத்தாலும் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் எண்ணூறு மடங்குக்கும் மேலாக விரியும். தீயைக் கொழுந்துவிடச் செய்யும். நிறைந்த தொட்டியை விமானத்தில் ஏற்றுவது பேராபத்து. ஆகவே நிறைந்தவை சாலையிலும் தண்டவாளத்திலும் வந்தன. வெற்றுத் தொட்டிகள் வானில் சென்றன. திரும்பிச் செல்லும் நாள்கள் இவ்வாறு மிச்சமாயின.

"காலியைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் நிறைந்தது சீக்கிரம் வரும், ஃபாதர். அதைச் செய்தவர்கள் என் பிள்ளைகள் மாதிரி. அவளுக்கு வந்து சேரவில்லை. வேறு யாருக்கோ சேர்ந்திருக்கும்" என்றார். சொல்லி முடித்ததும் அழுதார். நாமும் அழுதோம்.

மறுநாள் சுண்டுவிரல் அளவுள்ள ஹோமியோபதிக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குச் சட்டமும் கால்களும் ஒட்டி, சாம்பல் வண்ணம் பூசி, சரக்கறையின் நடுவே நிறுத்தினார். அவ்வளவில் ஆக்சிஜன் தொட்டிக்கு அது சரியாகவே பொருந்தியது. அதனுள் எதையும் இடவில்லை. உடலை மூடி, பொருத்தில் பட்டி தேய்த்து, வண்ணம் பூசி, வான்படையின் மூவண்ண வட்டத்தை வரைந்து முடித்தோம். பின்புறச் சாய்தளக் கதவை மட்டும் ஒட்ட வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றார்.

வெறுமை என்றதும் அதை எதனாலாவது அடைத்துவிட விரைவது நம் இயல்பு. ஆறுதல் சொற்களால் அடைக்கிறோம், அறிவுரையால் அடைக்கிறோம், குருக்களாகிய நாம் மறையுரையால் அடைக்கிறோம். நிரம்ப வேண்டிய இடத்திற்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை வெறுமை வெறுமையாகவே இருக்க வேண்டிய காலமும் உண்டு. அதுவரை அந்த ஓடு நொறுங்காமல் தாங்க, உள்ளே நாலு குறுக்குச் சட்டங்கள் வேண்டும். மாலைதோறும் உடனிருந்து உப்புத்தாள் தேய்ப்பதற்கு மேல் நம்மால் ஆனது ஒன்றுமில்லை. பல வேளைகளில் அதுவே போதுமானதாயிருக்கிறது.

மாதிரி உரு இப்போது பங்கின் மறைக்கல்வி வகுப்பறையில் நிற்கிறது. பிள்ளைகள் குனிந்து, திறந்த கதவு வழியே எட்டிப் பார்த்து, குப்பிக்குள் ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்கிறார்கள். விடை சொல்வதற்காகப் பெரியவர் ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் அங்கே வந்து அமர்கிறார்.