கீழ்ப்படிதலுள்ள மாணவி

பள்ளியில் எங்களுக்கு முதன்முதலாகக் கற்றுத்தந்த கடிதம் விடுப்பு விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' என்று முடியும். பையன்களும் 'மாணவன்' என்று மாற்றி இதையேதான் எழுதினார்கள். அவர்களுக்கு அது வகுப்புக்கு வராத நாளுக்கான கடிதம். எனக்கோ, கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகு, சோப்பு வாங்கப் போவதற்கும் அது தேவைப்பட்டது.

2006இல் நான் சேர்ந்த விடுதியில் மாலை ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை வெளியே போகலாம், அதுவும் மூன்று பேராகச் சேர்ந்து. அவுட்பாஸில் போகுமிடம், காரணம், திரும்பும் நேரம் மூன்றையும் எழுத வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கு போட்டோ ஒட்டி முத்திரை குத்திய விசிட்டர் கார்டு உண்டு. கூடப்பிறந்த அண்ணனே ஆனாலும், கார்டில் போட்டோ இல்லையென்றால் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான். சாலைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் விடுதி. அங்கும் வார்டன் இருந்தார், நோட்டும் இருந்தது. நோட்டைத் திறந்து பார்ப்பவர்தான் யாருமில்லை.

எங்களை அதிகம் பழக்கியது பூட்டு அல்ல, அவுட்பாஸில் இருந்த 'காரணம்' என்ற கட்டம். சும்மா நடந்துவிட்டு வர என்று அதில் எழுத முடியாது. ஜெராக்ஸ், டாக்டர், கோயில், இந்த மூன்றுக்கும் கேள்வி கிடையாது. முதல் வருடம் ஆசை முதலில் வரும், அதற்கேற்ற காரணத்தைத் தேடுவோம். மூன்றாம் வருடத்தில், காரணம் சொல்ல முடியாத ஆசைகள் வருவதே நின்றுபோயிருந்தது. அதற்குப் பெயர் 'பொறுப்பான சீனியர்'.

ஒருத்தி தாமதமாக வந்தால் அவள் அறையிலிருக்கும் நால்வருக்கும் ஞாயிற்றுக்கிழமை ரத்து. வார்டன் தூங்கினாலும் விடுதி விழித்திருந்ததற்கு இந்த ஒரு விதி போதும். எதிர் அறையில் ஒரு பெண் இருந்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். சனிக்கிழமைகளில் டவுனுக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாள். ஒருநாள் பஸ் பழுதாகி ஆறே முக்காலுக்கு வந்து சேர்ந்தாள். தண்டனையாக மூன்று ஞாயிறுகள் போயின. கூடவே அவள் வீட்டுக்கு ஒரு போன் போனது: "உங்க பொண்ணு இருட்டினப்புறம் வர்றா." பஸ் பழுதானது அந்த வாக்கியத்தில் இல்லை. அறைத் தோழிகள் மூவரும் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாரத்தில் அவர்களுக்கென்று இருந்தது அந்த மூன்று மணி நேரம்தான். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போனவளை அவள் அப்பா திருப்பி அனுப்பவில்லை. அடுத்த தை மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது.

வார்டனைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அவரும் எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் ஓர் இரவுகூட வெளியே தங்க முடியாமல்தான் இருந்தார். ஏதாவது நடந்தால் முதலில் போவது அவருடைய வேலை. மேலே ஒருவருக்குப் பயந்து, கீழே ஒருவரைக் கண்காணிப்பது என்று அந்த வரிசையில் எல்லோரும் பெண்களாகவே நின்றோம். முடிவெடுத்த ஆண்கள் கேட்டுக்குள் வரவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பூட்டு இருந்ததால்தான் என் அப்பா என்னை அனுப்பினார். நூறாண்டுகளுக்கு முன் சென்னையின் ஐஸ் ஹவுஸில் சகோதரி சுப்புலட்சுமி பிராமண விதவைச் சிறுமிகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். இன்று ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கித்தான் எத்தனையோ பெண்கள் பட்டம் பெறுகிறார்கள். விடுதி இல்லையென்றால் நம்மில் பலருக்குப் படிப்பே இல்லை. இதை வைத்துத்தான் நம் வாயை அடைக்கிறார்கள். படிப்பையும் பூட்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, பிரித்துக் கேட்டால் இரண்டும் கிடைக்காது என்கிறார்கள்.

பிரித்துக் கேட்டவர்கள் உண்டு. 2015இல் டெல்லி மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து 'பிஞ்ச்ரா தோட்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். கூண்டை உடை என்று பொருள். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத விதிகளைப் பெண்கள் விடுதிகளில் திணிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வெளியிட்ட ஒழுங்குமுறையே சொல்கிறது. திருச்சூர் கல்லூரி ஒன்றின் விடுதி மாணவிகள் மாலை, இரவுக் காட்சி சினிமாவுக்குப் போகத் தடை விதித்திருந்ததை 2019இல் கேரள உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 18 வயதில் ஓட்டுப் போடுகிறவளுக்கு சினிமா பார்க்கும் உரிமையை நீதிமன்றம் போய் வாங்க வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பு வேண்டாம் என்று எந்த மாணவியும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து விடுதி வரை தெருவிளக்கு வேண்டும். எட்டு மணிக்கு மேலும் பஸ் வேண்டும். புகார் கொடுத்தால் கேட்க ஒரு கமிட்டி வேண்டும், அதில் யார் இருக்கிறார்கள் என்பது நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணமும் வேலையும் ஆகும். பூட்டு மலிவு.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். விடுதி நேரத்தை மாற்றலாமா என்று ஆராயப் போட்டிருக்கும் கமிட்டியில் நானும் உறுப்பினர். பெற்றோருக்குக் கருத்துப் படிவம் அனுப்பினார்கள். மாணவிகளுக்கு அனுப்பவில்லை. அவர்களையும் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "நாளைக்கு ஏதாவது ஒண்ணு நடந்தா நீங்க பொறுப்பேத்துப்பீங்களா மேடம்?" என்று கேட்டார்கள். ஆண்கள் விடுதி கேட்டை இரவு பத்தரை வரை திறந்துவைக்க முடிவெடுத்தபோது இந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்டார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று எழுந்துவிட்டார்கள். 'ஆறரை மணியே தொடரலாம்' என்ற அறிக்கை தயாராக இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை.