நோட்டுப்புத்தகத்தில் இருந்த 37 பேர்

எங்கள் இசைக்குழுவில் என் வேலை டிரம்ஸ் வாசிப்பது. வாசித்து முடித்ததும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு சிடி விற்பேன். மற்ற மூவருக்கும் காசு கேட்க வெட்கம். கிள்ளானில் தொடங்கிய குழு. 2015இல் முதல் ஆல்பம்: ஆறு பாட்டு, 300 பிரதிகள், ஒன்று 10 வெள்ளி. எல்லாம் விற்றாலும் ஸ்டூடியோ கடன் அடையாது என்பது கணக்குப் போடும்போதே தெரியும்.

வாங்கியவர்களின் பெயர், ஊர், போன் நம்பர், எந்தப் பாட்டு பிடித்தது என்றெல்லாம் கேட்டு ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தேன். திட்டம் எதுவும் கிடையாது. மீதிச் சில்லறை தேடும் நேரத்தில் எதையாவது பேச வேண்டுமே, அதற்காகத்தான்.

இந்த நாட்டில் சினிமாவுக்கு வெளியேயும் தமிழ்ப் பாட்டு இருக்கலாம் என்று எனக்குக் காட்டியது யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்'. 2006இல் நான் படிவம் இரண்டு. பள்ளி பஸ்ஸில் ஒருவன் புளூடூத்தில் அனுப்பினான். வீடு போய்ச் சேர்வதற்குள் நான் மூன்று பேருக்கு அனுப்பிவிட்டேன். அதைப் பாடியவர்களுக்கு எங்கள் நான்கு பேரையும் தெரிந்திருக்க வழியே இல்லை. என் நோட்டில் எழுதும்போது சில சமயம் அது ஞாபகத்துக்கு வரும்.

அடுத்த நிகழ்ச்சி வரும்போது நோட்டில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக வாட்சாப் அனுப்புவேன். மொத்தமாக அனுப்பினால் யாரும் பதில் போடுவதில்லை. 'அக்கா, நீங்க சொன்ன ரெண்டாவது பாட்டு சனிக்கிழமை வாசிக்கிறோம்' என்று எழுதினால் அக்கா தன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு மணி நேர வேலை, கட்டைவிரல் வலிக்கும். நான்கு வருஷத்தில் எங்கே வாசித்தாலும் வருகிறவர்கள் என்று 37 பேர் தேறினார்கள்.

அதில் ஒருவர் சுங்கை சிப்புட் அண்ணன். லோரி ஓட்டுகிறவர். கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி ஏற்றி வருவார். இறக்கிவிட்டு, தூங்காமல், எங்கள் நிகழ்ச்சிக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அவருக்குப் பிடித்தது மூன்றாவது பாட்டு. நாங்களே அதை 'ரொப்புற பாட்டு' என்றுதான் சொல்வோம், ஆல்பத்துக்கு நீளம் போதாமல் சேர்த்தது. அதில் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் ஒன்று வரும். "எங்க லயத்து வீடு தம்பி அது. தோட்டத்த மூடிட்டானுங்க. சத்தம் மட்டும் உங்ககிட்ட இருக்கு" என்றார் ஒருமுறை. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தது என் மாமா வீட்டுக் காடி ஷெட்டில்.

எங்கள் கிட்டார்காரன் ஒருநாள் கெவின் கெல்லி 2008இல் எழுதிய கட்டுரையைக் குழுவில் போட்டான். ஒரு கலைஞன் பிழைக்க ஆயிரம் உண்மையான ரசிகர்கள் போதும், ஆளுக்கு வருஷம் 100 டாலர் என்று கணக்கு. மாமாக் கடையில் உட்கார்ந்து சிரித்தோம். தமிழ்ப் பாட்டுக்கு 100 டாலரா, தே தாரிக்குக்கே பங்கு பிரிக்கிறோம். ஆனால் அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: ரசிகரோடு உள்ள தொடர்பு நேரடியாக இருக்க வேண்டும், நடுவில் ஆள் கூடாது. அதை நாங்கள் யாரும் சரியாகப் படிக்கவில்லை.

2019இல் ஒரு வீடியோ போட்டோம். எப்படியோ பரவி இரண்டு லட்சத்தைத் தாண்டியது. முன்பின் தெரியாதவர்கள் தமிழ்நாட்டிலிருந்தெல்லாம் நெருப்புப் படம் போட்டார்கள். நோட்டு என் டிரம்ஸ் பைக்குள் போனது. அதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். தேவையில்லை என்று நினைத்தேன்.

2020 பிப்ரவரியில் 400 இருக்கை மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். விளம்பரத்தை ஒரு பதிவாகப் போட்டதோடு சரி. வந்தவர்கள் 62 பேர். அதில் இருபது பேர் எங்கள் வீட்டு ஆட்கள். பாடகன் மேடையில் நடுவிலேயே உடைந்துபோனான். அடுத்த வாரம் அண்ணனிடமிருந்து செய்தி: "தம்பி, ஷோ நடந்துச்சாமே."

அவ்வளவுதான். ஒரு திட்டு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வீட்டில் கிடந்தபோது நோட்டை எடுத்து 37 பேரையும் அழைத்தேன். பாட்டு விற்க அல்ல, விற்க ஒன்றும் இல்லை. 26 பேர் எடுத்தார்கள். சிலருக்கு நான் யாரென்று விளக்க வேண்டியிருந்தது. அண்ணன் லோரியில் இருந்தார், காய்கறிக்கு ஊரடங்கு இல்லை. மன்னிப்புக் கேட்டேன். "கோவமெல்லாம் இல்லப்பா. எனக்கு மூனாவது பாட்டு போதும். புதுசு வந்தா என் மகளுக்கு அனுப்பு, அவ கேப்பா" என்றார். பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது, வைத்துவிட்டார்.

அவர் எங்களை விட்டுப் போனாரா இருக்கிறாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் பாட்டோடு இருக்கிறார், எங்களோடு அல்ல. ஸ்பாட்டிஃபையில் 2024இலிருந்து ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணம் கிடையாது. எங்கள் மூன்றாவது பாட்டு அந்த எண்ணை ஒரு வருஷமும் தொட்டதில்லை. அந்தக் கணக்கில் அது வெறும் சைபர்.

இப்போது புது நோட்டு போட்டிருக்கிறேன். 19 பேர். ஒவ்வொருவராகத்தான் எழுதுகிறேன், கட்டைவிரல் அதேபோல் வலிக்கிறது. வீடியோவும் போடுகிறோம், நான் அதற்கு விரோதி இல்லை.

ஒரு விஷயம் மட்டும் தாமதமாக உறைத்தது. அத்தனை வருஷமும் எல்லா நிகழ்ச்சியும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும்தான் வைத்தோம். வடக்கே ஒருமுறைகூடப் போனதில்லை. அண்ணன்தான் தூக்கம் கெட்டு வந்துகொண்டிருந்தார். அடுத்த மாதம் ஈப்போவில் ஒரு சின்ன இடம், எழுபது நாற்காலி. சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரம். பாட்டுப் பட்டியலில் மூன்றாவது பாட்டைச் சேர்க்கச் சொன்னேன். பாடகன், "வரிகூட மறந்துபோச்சுடா" என்கிறான். செவ்வாய்க்கிழமை ஒத்திகை.