பொங்கல் சோறும் டிசம்பர் 25-ம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிடும். கிறிஸ்மஸ் அஞ்ஞானப் பண்டிகை, ஸ்டார் கட்டாதீர்கள், மரம் வைக்காதீர்கள் என்று தம்பி மகன் நீளமாக எழுதுவான். புதிதாகப் போகும் சபையில் அப்படிப் போதிக்கிறார்களாம். ஜனவரியில் பொங்கல் மேல் பாய்வான். போன பொங்கலுக்கு எதிர்வீட்டு ஆச்சி கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கலைப் பார்த்து, "வேண்டாம் பெரியப்பா, திருப்பி அனுப்பிடுங்க" என்றான். கொண்டுவந்த பேரப்பிள்ளை வாசலிலேயே நிற்கிறது. நான் வாங்கிக்கொண்டேன். அதுமுதல் எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் குறைச்சல்தான்.

அவன் சொல்வதை முழுக்கத் தள்ளவும் முடியாது. இயேசு பிறந்த தேதி வேதாகமத்தில் இல்லை. டிசம்பர் 25 என்று குறித்த பழைய ஆவணம், ரோமாபுரியில் 354-ல் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கம். அதற்கு முன்பே, 274-ல், அவுரேலியன் என்ற சக்கரவர்த்தி அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டியிருந்தான். சூரியன் விழாவைத்தான் சபை எடுத்துக்கொண்டது என்பார் உண்டு. மார்ச் 25-ல் மரியாள் கருத்தரித்ததாக வைத்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பாரும் உண்டு. ஆர்மீனியச் சபையார் இன்றும் ஜனவரி 6-ல்தான் கொண்டாடுகிறார்கள்.

தம்பி மகனுக்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் கை ஓங்கியிருந்தபோது, 1647-ல், பாராளுமன்றமே கிறிஸ்மஸை ஒழித்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ்காரர்கள் 1659-ல், அன்று வேலைக்குப் போகாமல் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். 1681 வரை அது இருந்தது. (ஐந்து ஷில்லிங் அன்றைக்குச் சின்னப் பணமில்லை.)

வேரைத் தோண்ட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? நாம் ஆராதனைக்குப் போகும் ஞாயிறு, சூரியன் பெயர். ஜனவரி, ஜானஸ் என்ற ரோமத் தெய்வத்தின் பெயர். இந்த வழக்கு நம் மதுரையிலும் நடந்தது. 1606-ல் வந்த ராபர்ட் டி நொபிலி, கிறிஸ்தவனானவன் குடுமியையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்றார். கூட இருந்த பாதிரிமாரே எதிர்த்தார்கள். போப்பாண்டவர் 1623-ல் அனுமதி கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் மறுபடி கிளப்பி, 1744-ல் இன்னொரு போப்பாண்டவர் அந்த மாதிரிச் சலுகைகளில் பலவற்றை நிறுத்தினார். நூறு வருஷத்துக்கு மேல் இழுத்த வழக்கு!

எனக்கு இதையெல்லாம்விடப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதினதுதான் உதவியாக இருக்கிறது. அந்த ஊரில் சந்தைக்கு வரும் இறைச்சி விக்கிரகத்துக்குப் படைத்ததாகவும் இருக்கலாம். துருவித் துருவிக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், அவிசுவாசி வீட்டு விருந்திலும் அப்படியே. ஆனால் இது படைத்தது என்று ஒருவன் சொல்லிவிட்டால், அவன் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதீர்கள் என்கிறார். என் வழக்கமும் அதுதான். கோயில் பிரசாதம் என்று யாராவது நீட்டினால், "எங்களுக்கு வழக்கமில்லை, தப்பா நினைக்காதீங்க" என்று கைகூப்பிவிடுவேன். சூரியனுக்குச் சூடம் காட்டும் இடத்தில் போய் நிற்கமாட்டேன்.

ஆனால் ஆச்சி செய்வது என்ன தெரியுமா? பானை பொங்கி இறக்கியதும், இலையில் படைப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு என்று ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடிவைத்துவிடுவாள். என் மனைவி ஒரு தடவை அடுப்படியில் இருந்தபோது கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். முப்பது வருஷமாக இப்படித்தான். எங்களிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்தக் கிண்ணத்தைத் திருப்பி அனுப்ப எந்த வசனத்தைக் காட்டுவது?

பொங்கலும் அறுப்புக்கு நன்றி சொல்லும் நாள்தானே. நம் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் வாழைத்தாரும் பூசணியும் கொண்டுவைத்து ஏலம் விடுகிறோமே, அதுவும் அதற்காகத்தான். யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பதில் வித்தியாசம் உண்டு. அதை நான் மறைக்கவில்லை.

தம்பி மகனைக் கோபித்துக்கொள்ளவும் மனசில்லை. கர்த்தருக்குப் பயந்துதான் பேசுகிறான். போன வாரம் போனில் வந்தபோது ஒன்று மட்டும் கேட்டேன். "உன் பெண்டாட்டி கழுத்தில் சிலுவை போட்ட தாலி கிடக்கே, தாலி வேதாகமத்தில் எங்கேப்பா இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது வேற, பெரியப்பா" என்றான்.

எப்படி வேறு என்று குழுவிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.