கார் கெமராவும் மஞ்சள் வயரும்



காருக்கு டேஷ் கேம் பூட்டியதிலிருந்து நாலைந்து பேர் இன்பொக்ஸில் வந்துவிட்டார்கள். "சேர், பியூஸ் பொக்ஸில இருந்தே வயர் எடுத்தீங்களாமே, கார் எரியாதா?" என்பதுதான் அதிகம் வந்த கேள்வி. ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கெமரா என்று ஏ-15 வீதியில் இரவில் ஓடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு துறையடியில் காத்துக் கிடந்த காலம் போனது. பாதை நன்றாகிவிட்டது, வேகமும் கூடிவிட்டது. மாடு மட்டும் பழைய மாடுதான். தார் சூடாக இருக்கிறது என்று நடுவீதியில் படுத்துக் கிடக்கும். லைட் இல்லாத சைக்கிளும் அப்படியே. ஏதாவது நடந்தால் பொலிஸ் வருவதற்கு முன்னர் சனம் வந்துவிடும். ஓட்டியவர் எந்த ஊர், அடிபட்டவர் எந்த ஊர் என்பது ஐந்து நிமிடத்தில் போனில் பரவிவிடும். இரண்டு பேருக்கு நடந்த விபத்து இரண்டு ஊருக்கு நடந்த விபத்தாக மாற நம் பக்கத்தில் அதிக நேரம் எடுக்காது. அந்த இடத்தில் முப்பது செக்கன் வீடியோ ஒன்று செய்கிற வேலையை, பெரிய மனிதர்கள் பத்துப் பேர் கூடிப் பேசியும் செய்ய முடியாமல் போகலாம். அதற்காகத்தான் வாங்கினேன்.

சிகரட் லைட்டர் சொக்கெட்டில் குத்தினால் போதாதா? போதும். ஆனால் என் வீட்டில் அந்தச் சொக்கெட் போன் சார்ஜருக்கு நேர்ந்துவிடப்பட்டது. பிள்ளைகள் கெமரா வயரைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். கெமரா ஓடவில்லை என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும். ஆகவே ஹார்ட்வயர் கிட்.

அது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு சின்னப் பெட்டி. மூன்று வயர் வரும். கறுப்பு, காரின் இரும்பு உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு ஆணிக்கு. சிவப்பு, திறப்பைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் பியூஸுக்கு. மஞ்சள், எப்போதும் கரண்ட் இருக்கும் பியூஸுக்கு. (சில கிட்டில் நிறம் மாறும். கூட வரும் தாளைப் பாருங்கள்.)

கார் எரியுமா என்றால், ரேடியோ வயரை உரித்து, முறுக்கி, டேப் சுற்றி விடுகிற வேலைக்கு எரியலாம். பியூஸ் பொக்ஸில் அப்படி உரிப்பதில்லை. பழைய பியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கிளிப்பைக் குத்துகிறோம். அதில் இரண்டு பியூஸ் போடலாம். ஒன்று பழைய சாமானுக்கு, மற்றது கெமராவுக்கு. கெமராவுக்கு 2 அல்லது 3 அம்பியர் போதும். நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற அதே உருகிதான், அதே சமாந்தரச் சுற்றுத்தான்.

கிளிப்பில் இரண்டு பியூஸுக்கும் பொதுவான கால் ஒன்று உண்டு. பியூஸைக் கழற்றி, டெஸ்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு ஓட்டையில் ஒன்றில்தான் 12 வோல்ட் காட்டும். பொதுவான கால் அந்தப் பக்கம் போக வேண்டும். இதைப் பாராமல் குத்துகிறவர்கள்தான் அதிகம். எயார்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்பியூட்டர் பியூஸ் மூன்றையும் தொடவே வேண்டாம். சிகரட் சொக்கெட், உள் லைட், ரேடியோ போதும். கண்ணாடி ஓரத் தூணுக்குள் எயார்பேக் இருக்கிற கார் என்றால் வயர் அதன் பின்னால் போகட்டும், முன்னால் வேண்டாம்.

நம்மிடம் ஓடுவது பெரும்பாலும் ஜப்பான் ரீகண்டிஷன். பியூஸ் பொக்ஸ் மூடியில் ஜப்பான் எழுத்து இருந்தால் டெஸ்டர்தான் மொழிபெயர்ப்பாளர். காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு பெண் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்வாரே, அது அவர்களுடைய ஹைவே கட்டணக் கார்ட் பெட்டி. இலங்கையில் அதற்கு வேலை இல்லை, ஆனால் அதற்கென்று இழுத்த வயர் அங்கே இருக்கும். என் காருக்கு வேலை செய்த தம்பி முதலில் தேடியது அதைத்தான். முன்னைய சொந்தக்காரர் அதை வயரோடு பிடுங்கி எறிந்திருந்தார்.

இனி மஞ்சள் வயர். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மஞ்சளைக் கொடுத்தால், காரைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் கெமரா விழித்திருக்கும். கணக்கு இப்படி: கெமரா 4 வொட் இழுத்தால் 12 வோல்ட்டில் அது மூன்றில் ஒரு அம்பியர். 12 மணித்தியாலத்துக்கு 4 அம்பியர் மணி. சின்னக் காரின் பெட்டரி 28 அம்பியர் மணி அளவுதான். வெள்ளி, சனி, ஞாயிறு கார் நின்றால் திங்கட்கிழமை பாடசாலைக்கு நடந்துதான் போக வேண்டும். அதற்காகக் கிட்டிலேயே ஒரு வெட்டு இருக்கிறது. வோல்ட் இறங்கினால் கெமராவை நிறுத்திவிடும். 12.6 என்றால் நிறைந்த பெட்டரி, 12.2 ஏறக்குறையப் பாதி, 11.8 கிட்டத்தட்டக் காலி. ஆகவே 12.2இல் வையுங்கள்.

பெட்டரிக் கணக்கு இவ்வளவுதான். மற்றக் கணக்கு வேறு.

பூட்டி ஒரு கிழமைக்குள் முன்வீட்டு அம்மா கேட்டார்: "மாஸ்டர், உங்கட கார் ராவிலயும் முழிச்சிருக்காமே. நான் கிணத்தடியில நிக்கிறதும் அதில விழுமோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அடுத்த நாள் கிணற்றடியில் பழைய சாக்கு ஒன்று தொங்கியது.

அதற்குப் பிறகு ஒருவர் மஃரிபுக்குப் பின்னர் வந்தார். "சேர், வியாழக்கிழமை ராவு எங்கட கேற்றடியில யாரோ நிண்டிருக்காங்க. உங்கட கெமராவில ஒருக்காப் பாப்பமா?" களவு ஏதும் போனதா என்று கேட்டேன். இல்லை என்றார். குரல் இறங்கிவிட்டது. வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறது, எனக்குத் தெரியும். "களவென்றால் பொலிஸோட வாங்க, நானே எடுத்துத் தாறேன். வேற விசயத்துக்கு அதைத் திறக்க மாட்டேன்" என்றேன். அவர் கோபித்துக்கொண்டு போனார். மெமரி கார்ட் என் சட்டைப் பைக்குள் கிடந்தது. நானும் பார்க்கவில்லை.

என் காரைக் காக்க வைத்த பொருள், ஒழுங்கையில் உள்ள பத்து வீட்டின் அந்தரங்கத்தையும் என் கையில் தந்துவிடுகிறது. யாரும் நம்பித் தராத அமானிதம் அது. கட்டைபறிச்சானைக் கடக்க அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, பையைத் திறந்து காட்டி நடந்த காலத்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள். பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தச் சனிக்கிழமை தம்பியைக் கூப்பிட்டு மஞ்சளைக் கழற்றிச் சிவப்போடு சேர்த்து ஒரே பியூஸில் கொடுத்துவிட்டோம். இப்போது திறப்பைத் திருப்பினால் கெமரா ஓடும், நிறுத்தினால் நிற்கும். வீதிக்குத்தான் வாங்கினேன், வீதியைப் பார்க்கட்டும். முன்வீட்டு அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். சாக்கு இன்னும் தொங்குகிறது.

திருகோணமலை டவுனில் கண்ட கண்ட இடத்தில் பார்க் பண்ணுகிறவர்கள் மஞ்சளைக் கொடுக்கலாம், அது வேறு. வீட்டடியில் நிற்பாட்டும்போது வெட்டிவிட ஒரு சின்னச் சுவிட்ச் போடுங்கள்.

விபத்து நடந்தால் உடனே கார்டைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் அதன் மேலேயே திரும்பப் பதிந்துவிடும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியச் சட்டத்தின் கீழ் இப்படியான பதிவுகளை நீதிமன்றத்தில் கொடுக்கலாம். அதற்கு மூலப் பதிவு கைபடாமல் இருக்க வேண்டும். பேஸ்புக்கில் போடாதீர்கள், போட்டுத்தான் பாதிப் பிரச்சினை வருகிறது.

டெஸ்டர் வேண்டுமென்றால் அஸருக்குப் பிறகு வாருங்கள், தருகிறேன். போன மாதம் கொண்டுபோன தம்பி முதலில் அதைத் திருப்பித் தரட்டும்.